மெஸ் நம்பர் இல்லாத கிருபாவதி

எங்கள் தேனிப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், "காப்பி சாப்பிடுறீகளா?" என்று கேட்டதும் "சரி" என்று சொல்லிவிடக் கூடாது. முதல் தடவை "வேணாம், இப்பத்தான் குடிச்சேன்" என்றுதான் சொல்ல வேண்டும். குடித்திருக்க மாட்டோம். கேட்டவருக்கும் அது தெரியும். "அட, அரை டம்ளர்தான், குடிங்க" என்று இன்னொரு தடவை கேட்பார். அப்போது "சரி, கொஞ்சமா" என்று வாங்கிக்கொள்ளலாம். கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் இதுதான் நடைமுறை. இது தெரியாத ஒரு ஆளிடம் போய் கிருபாவதி "வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் லிங்கேஸ்வரன். உத்தமபாளையத்துக்காரன். கண்டமனூர் ரோட்டில் காற்றாலை நிறுத்த வந்த ஒரு கம்பெனியின் சைட் ஆபீஸில் ஸ்டோர் பார்த்தேன். கம்பி, சிமெண்ட், போல்ட், டீசல் எல்லாம் என் பொறுப்பு. எனக்குச் சர்க்கரை உண்டு, கோபமும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். கோபத்துக்கு ஒன்றும் போடுவதில்லை.

என் மேஜைக்கு எதிர் மேஜை கிருபாவதிக்கு. 2005-ல் ஆபீஸ் திறந்த அன்றே வந்து சேர்ந்தவர். அவர் அப்பாவுக்குப் போடி கடைவீதியில் குடையும் டார்ச் லைட்டும் விற்கிற கடை. சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். பி.காம். முடித்துவிட்டு எண்பத்தொன்பதில் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருக்கிறார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் போகிற காலம் அது. கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்தார். வீட்டுக்காரர் ஞானசிகாமணி மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். வார்னிஷ் புகையோ என்ன இழவோ, அவருக்கு இளைப்பு வந்து, பட்டறை பாதி நாள் பூட்டியே கிடந்தது. ஒரே மகள் மகிமா, பள்ளிக்கூடத்தில். ஆக, வீட்டில் நம்பி உட்காரக்கூடிய வருமானம் கிருபாவதியுடையது மட்டும்தான்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காற்றாலை என்றால் குழி தோண்டுவது, கம்பி கட்டுவது, கான்கிரீட் போடுவது, டவர் நிறுத்துவது, கரண்ட் இணைப்பது என்று ஏகப்பட்ட வேலை. ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு வரி. ப்ராஜெக்ட் வேலைக்கென்றே ஒரு சாஃப்ட்வேர். எத்தனையோ காற்றாலை, வரிகளுக்குக் கணக்கே கிடையாது. சும்மா வரியாகக் கிடந்தால் யாருக்கும் உதவாது. இது எந்த இடம், எந்த கான்ட்ராக்டர், ஏன் தாமதம் என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு கோடு, அதாவது ஒரு சுருக்கக் குறி, கொடுக்க வேண்டும். அதற்கான கட்டங்களை நாமே திறந்துகொள்ளலாம். கஸ்டம் ஃபீல்டு என்பார்கள். கட்டத்தைத் திறந்து, அதில் என்னென்ன பதில் வரலாம் என்று ஒரு பட்டியலையும் கொடுத்துவிட்டால், அதற்கு வெளியே ஒரு எழுத்தைக்கூட யாரும் போட முடியாது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கிருபாவதிக்கு அதுதான் வேலை. ஆடி மாதம் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், கிரேன் கையைத் தூக்காது. அதற்கு ஒரு கோடு. மழைக்கு ஒரு கோடு. முருங்கைத் தோட்டக்காரர் மொக்கைச்சாமி ஒரு தடவை, "காய் பறிச்சு முடிக்கட்டும், அப்புறம் கிரேனக் கொண்டாங்க" என்று வண்டிப்பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். அன்றைக்கு வேலை நின்றதற்கு எந்தக் கோடு போடுவது என்று தெரியாமல் கிருபாவதி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என் கோவத்துக்கும் ஒரு கோடு போட்டு வச்சிருங்க. அடிக்கடி தேவைப்படும்" என்றேன்.

"அது தினசரி வரவுண்ணே. அதுக்குக் கோடெல்லாம் வேணாம்" என்றார். அப்படித்தான் பேசுவார். முகத்தில் அசதி இருக்கும், வாயில் கேலி இருக்கும்.

இந்தச் சாஃப்ட்வேரைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து விஷால் என்று ஒரு இன்ஜினியர் வந்திருந்தான். நல்ல பையன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் போட மாட்டான். பெண்களை "மேடம்" என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து அவனுக்கு உத்தரவு வந்தது. சைட்டில் இருக்கிற ஆட்களையும் வகை பிரித்துக் கோடு கொடுக்க வேண்டுமாம். யார் கம்பெனி ஊழியர், யார் கான்ட்ராக்டர் ஆள், மற்றவை என்னென்ன. எங்கள் சைட்டிலோ அப்படி ஒரு பட்டியலும் ஒழுங்காகக் கிடையாது. பாதிப் பேருக்குச் சென்னையிலிருந்து சம்பளம், பாதிப் பேருக்கு இங்கேயே வவுச்சரில் கைப்பணம், கிருபாவதிக்கும் அப்படித்தான்.

விஷால் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஆபீஸுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கம்பெனி மெஸ் இருந்தது. சங்கிலியம்மாள் சமைப்பார். கம்பெனி தன் சொந்த ஆட்களுக்கு மட்டும்தான் அங்கே சோறு போடும். கான்ட்ராக்டர் ஆட்கள் தனியாகப் பொங்கிக்கொள்வார்கள். மெஸ்ஸில் சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். ஆகவே மெஸ் நம்பர் உள்ளவன் ஊழியன். சுலபமாக முடிந்தது என்று அவனுக்குச் சந்தோஷம்.

மெஸ் அப்போதுதான் ஆரம்பித்திருந்த நேரம். ஒவ்வொரு மேஜையாக வந்து கேட்டுக் குறித்துக்கொண்டே போனான். என்னைக் கேட்டான். பத்தியச் சாப்பாடு கிடைக்குமா என்று நான் அவனிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டேன். அடுத்து கிருபாவதி.

"மேடம், உங்களுக்கு மெஸ் வேணுமா?"

"வேணாம் சார். வீட்ல இருந்து கொண்டாந்துருவேன்."

"ஓகே மேடம்" என்று ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிருபாவதி கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்தார். இன்னொரு தடவை கேட்பான் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவன் எங்கே கேட்கப்போகிறான்? அவன் ஊரில் வேணாம் என்றால் வேணாம்தான். கிருபாவதி திரும்பி மானிட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்று மத்தியானமே விஷால் சொல்லச் சொல்ல, ஆட்களை வகை பிரிக்கிற கட்டத்துக்கு ஒரு ஃபார்முலா எழுதினார். மெஸ் நம்பர் இருந்தால் 'எஸ்.டி.' என்று தானாக விழும், அது ஊழியர். கான்ட்ராக்டர் பெயர் இருந்தால் 'சி.டி.' இரண்டும் இல்லாதது எல்லாம் 'ஓ.எச்.', அதாவது ஆபீஸ் செலவு. எழுதி முடித்து பட்டனைத் தட்டினார். பட்டியல் வந்து விழுந்தது. ஓ.எச். என்ற வகையில் பிரிண்டர் மை, டீ, தண்ணீர் கேன், வாடகை ஜீப், கிருபாவதி.

"ஏங்க, நீங்க தண்ணி கேனுக்கும் ஜீப்புக்கும் நடுவுல கிடக்கீக" என்றேன்.

சிரித்தார். ஒரு வாரம் கழித்து விஷாலிடம் மெதுவாகக் கேட்டும் பார்த்தார். "அது சும்மா ரிப்போர்ட்டுக்கு மேடம். அடுத்த ரிவிஷன்ல மாத்திடலாம்" என்றான். அடுத்த ரிவிஷனுக்குள் அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதன் பிறகு எத்தனையோ இன்ஜினியர்கள் வந்தார்கள். எல்லாரும் முதல் நாள் கிருபாவதியிடம்தான் உட்கார்ந்து எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார்கள். ஒருத்தனும் அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டதில்லை.

சும்மா ரிப்போர்ட்டுக்கு என்றானே, அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் தலைமை அலுவலகம் எல்லாமே செய்தது. அடையாள அட்டை எஸ்.டி.க்கு மட்டும். மழைக்கோட்டு எஸ்.டி.க்கு மட்டும். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும், மேலே பெயர் ஒட்டி. ஐந்து தீபாவளியும் கிருபாவதி பெயர் ஒட்டின பாக்ஸ் வரவில்லை. என் பாக்ஸை அவரிடம் தள்ளுவேன். எனக்குத்தான் இனிப்பு ஆகாதே. "மகிமாவுக்குக் கொண்டுட்டுப் போங்க" என்று இரண்டு தடவை சொல்வேன். வாங்கிக்கொள்வார். பெயர் ஒட்டின தாளை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பையில் வைப்பார்.

மத்தியானம் மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் மெஸ்ஸுக்குப் போய்விடுவோம். அவர் மட்டும் ஜன்னல் ஓரமாகக் கேரியரைத் திறந்துவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். சங்கிலியம்மாளின் குழம்பு வாசம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். காலையில் எழுந்து, வீட்டுக்காரருக்கு வெந்நீர் வைத்து, மகளுக்குச் சோறு கட்டி, தேனிக்கு வந்து பஸ் மாறி, சைட்டுக்கு நடந்து வருகிற பொம்பளை. அந்தச் சோறு ஆறிப்போய் விறைத்திருக்கும்.

"கேட்டு வாங்கிக்கங்க கிருபாவதி. மெஸ்ல ஒரு நம்பர் போட்டா என்ன குறஞ்சுபோச்சு?" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"வேணாம்னு சொன்ன வாயாலயே வேணும்னு எப்படிண்ணே கேக்குறது? அவுக கேக்கட்டும்."

அவுகளாவது, கேட்பதாவது. இப்படியே வருஷம் ஓடியது. கிருபாவதிக்கு முன்நெற்றியில் நரை விழுந்தது. கண்ணாடி போட்டார். கம்ப்யூட்டர் இரண்டு தடவை மாறியது. அவர் கோடு மாறவில்லை.

2009-ல் கடைசிக் காற்றாலையும் சுற்ற ஆரம்பித்தது. வேலை முடிந்தால் கூடாரத்தைக் கலைக்க வேண்டியதுதானே. தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. எஸ்.டி. கோடு உள்ளவர்களுக்கு வேறு சைட்டுக்கு மாற்றல். ஓ.எச். கோடு உள்ளதை எல்லாம் மாதக் கடைசிக்குள் முடித்து மூடிவிட வேண்டும். அதை எனக்குப் படித்துக் காட்டியதே கிருபாவதிதான். குரலில் ஒன்றும் இல்லை.

"மூடிட்டுப் போகட்டும்ணே. எனக்கும் அலுத்துப்போச்சு. தேனிக்குப் பக்கத்துலயே ஒரு பாலிடெக்னிக் ஆபீஸ்ல ஆள் கேட்டுருக்காக. வீட்ல இருந்து நடந்தே போயிரலாம். இந்த அனுபவச் சான்று ஒண்ணு மட்டும் வாங்கிட்டா போதும்."

"அதென்ன பெரிய விஷயம், குடுப்பான்" என்றேன். நானும் ஒரு மடையன்தான்.

கொடுக்கவில்லை. கிருபாவதி எழுதிய மெயிலுக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. ஓ.எச். வகையில் உள்ளவற்றுக்கு அனுபவச் சான்று வழங்கும் வழக்கமில்லை. வகையில் உள்ளவர்களுக்கு என்றுகூட எழுதவில்லை, உள்ளவற்றுக்கு. பாலிடெக்னிக்கிலோ சான்று இல்லாமல் எடுக்க மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மகிமா அப்போது பிளஸ் டூ. அடுத்த வருஷம் கல்லூரி. ஞானசிகாமணி பட்டறையைத் திறப்பதையே விட்டுவிட்டார். இந்தக் காகிதம் இல்லையென்றால் கிருபாவதி இத்தனை வருஷமும் எங்கேயும் வேலை பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நாற்பது வயதுக்கு மேல் எவன் புதிதாக வேலை தருவான்?

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த போல்ட் பெட்டியைக் கீழே போட்டேன். அது பாட்டுக்கு உருண்டு ஓடியது.

"அந்தக் கட்டத்த மாத்துங்க! நீங்க தான அதப் பண்ணுனது. எஸ்.டி.ன்னு அடிங்க!"

"அது ஃபார்முலா போட்ட கட்டம்ணே. கையால அடிக்க விடாது."

"அப்ப மெஸ் நம்பர அடிங்க. ஏதோ ஒரு நம்பர்."

"சாப்பிடாம நம்பர் போட்டா அது பொய்யில்லையா?"

"ஏந்தாயி, உங்கள தண்ணி கேன்னு போட்டு வச்சிருக்கானே, அது மட்டும் நெசமா?" என்று கத்தினேன். நிறுத்த முடியவில்லை. "அவுக கேக்கட்டும், அவுக கேக்கட்டும்னு உக்காந்திருக்கீகளே. கேட்ட பய துபாய்ல இருக்கான். அவனுக்கு உங்க மொகங்கூட ஞாபகம் இருக்காது. அவன் ஊர்ல ஒரு தடவைக்கு மேல கேக்க மாட்டாக. நீங்க இங்கன ரெண்டாந் தடவைக்குக் காத்துக்கெடக்கீக!"

கிருபாவதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடினார். பஸ்ஸுக்கு நேரமிருந்தும் கிளம்பிவிட்டார். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று எனக்கே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் வந்தார். கையில் கேரியர் இல்லை. எப்போதும் அதை வைக்கிற ஜன்னல் மேடை காலியாகக் கிடந்தது. மத்தியானம் மணி அடித்தது. நாங்கள் மெஸ்ஸில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். வாசலில் வந்து நின்றார். உள்ளே அத்தனையும் ஆம்பளைகள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சங்கிலியக்கா, எனக்கும் ஒரு தட்டு போடுங்க."

சங்கிலியம்மாள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். "ஆத்தா, இம்புட்டு நாளா எங்கன போயிருந்தீக? வந்து உக்காருங்க. ஏலே, தள்ளி உக்காருங்கடா!"

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும். கிருபாவதி தலையைக் குனிந்து சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. "காரம்" என்றார். காரம் அப்படி ஒன்றும் இல்லை. சங்கிலியம்மாள் நோட்டை எடுத்து, "நம்பர் எழுதாம சோறு போட்டா என்னயத் திட்டுவாக" என்று ஒரு நம்பரை எழுதி, அதைச் சொல்லியும் அனுப்பினார்.

கையைக் கழுவிவிட்டு நேராகக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். அவருடைய வரியைத் தேடி எடுத்தார். பெயர் சரியாக இருந்தது. சேர்ந்த தேதியும் 2005-ல் அவரே அடித்த தேதிதான். மெஸ் நம்பர் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் நம்பரை அடித்தார். பக்கத்துக் கட்டத்தில் ஓ.எச். போய் எஸ்.டி. வந்து நின்றது. யாரும் தொடவில்லை, யாரையும் கேட்கவில்லை.

நான் கை தட்டலாமா என்று பார்த்தேன். கிருபாவதி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

மாதக் கடைசி வரை மெஸ்ஸில்தான் சாப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் யாரும் ஆளைப் பார்ப்பதில்லை, கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதுவரை நமக்குக் கெடுதலாக இருந்த அந்தக் குணம் அன்றைக்கு உதவியது. எஸ்.டி. பட்டியலில் புதிதாக ஒரு பெயர் வந்ததை எவனும் கேட்கவில்லை. மாற்றல் உத்தரவுகள் கட்டாக வந்து இறங்கின. எனக்குக் கர்நாடகா. கிருபாவதிக்குக் குஜராத், கட்ச் பக்கம்.

"அடப்பாவிகளா! இளைப்புக்கார மனுசனையும் பொம்பளப் பிள்ளையையும் விட்டுட்டு அங்கன எப்படிப் போவீக?" என்றேன்.

கிருபாவதி பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். முந்தின நாளே டைப் அடித்து வைத்திருக்கிறார்.

"இதுக்கா இந்தப் பாடு பட்டீக?"

"ராஜினாமா பண்ணணும்னா முதல்ல வேலைல இருக்கணும்லண்ணே" என்றார்.

உத்தரவுகளைக் கொடுக்கவும் கணக்கை மூடவும் கோயம்புத்தூரிலிருந்து சுந்தரலிங்கம் என்ற மேனேஜர் வந்திருந்தார். ஓய்வு பெறப்போகிற வயது. தூக்கம் கெட்ட முகம். அவருக்கும் எங்களைப் போலவே எப்போதடா வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது. வரிசையாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். கிருபாவதி முறை வந்தபோது, அடுத்த ஆளாக நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

கிருபாவதி உத்தரவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தன் பெயரையும், அதற்குக் கீழே 'திட்ட உதவியாளர்' என்று அச்சடித்திருந்ததையும் நின்று நிதானமாகப் படித்தார். அப்புறம்தான் ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வைத்தார்.

சுந்தரலிங்கம் படித்துப் பார்த்தார். "என்னம்மா இது? மாற்றல் வேண்டாமா?"

"வேணாம் சார்."

அவர் பேனாவைத் திறந்தார். இவரும் விஷால் மாதிரி ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் பேனாவை மறுபடி மூடிவிட்டார். கடிதத்தைத் திருப்பி கிருபாவதி பக்கமே நகர்த்தினார்.

"இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. அவசரப்பட வேண்டாம்மா. அங்கே குவார்ட்டர்ஸ் தருவாங்க. வேணும்னா நான் பேசித் தமிழ்நாட்டுக்குள்ளயே கேட்டுப் பார்க்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிஜமாகவே வேண்டாமா?"

கிருபாவதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் சார்" என்றார்.

சுந்தரலிங்கம் ராஜினாமாவை எடுத்துக்கொண்டார். விலகுகிற ஊழியர்களுக்குக் கொடுக்கிற அனுபவச் சான்றில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, மை காய ஊதிக் கொடுத்தார்.

என் உத்தரவை வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, கிருபாவதி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். சான்றைப் பைக்குள் வைக்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தார். தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"என்னங்க இது? காகிதம்தான் கையில வந்துருச்சே. அந்தக் குஜராத் வேலைக்குப் போகணும்னு ஆசை வந்துருச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாந் தடவை கேட்டாகண்ணே" என்றார்.